ஞாயிறு பிரசங்கத்தை எவ்வளவு முன்கூட்டித் தயாரிப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்து, நாளைக்கு எந்த வசனம் என்று வேதாகமத்தைப் புரட்டுகிற நிலை நம் போதகர்களில் பலருக்கு வாரந்தோறும் வருகிறது. இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சனிக்கிழமை காலையில் அடக்க ஆராதனை, மாலையில் வீட்டுப் பிரதிஷ்டை. இடையில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்த்து ஜெபித்துவிட்டு வர வேண்டும். ஞாயிறு ஒரு பிரசங்கம், வாரநாளில் இரண்டு செய்தி என்று குறைவாகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 156 முறை ஒருவர் எழுந்து நின்று பேச வேண்டியிருக்கிறது. இத்தனையையும் வாரக்கடைசியில் சமாளிக்கப் பார்த்தால், பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டுவதில்தான் போய் முடியும்.

முன்கூட்டியே திட்டமிடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். எதை முன்கூட்டியே என்பதுதான் கேள்வி. பிரசங்கத் தயாரிப்பு என்று ஒரே பேராய்ச் சொன்னாலும் அதற்குள் மூன்று வேலை இருக்கிறது: வேதபகுதியைத் தேர்ந்தெடுப்பது, அதைப் படித்து ஆராய்வது, சபையாருக்குச் சொல்லும் விதத்தில் எழுதுவது. மூன்றுக்கும் ஒரே கால அளவு பொருந்தாது. பகுதியை ஓராண்டுக்கு முன்பே முடிவு செய்துவிடலாம். படிப்பை மூன்று மாதத்துக்கு முன் தொடங்கினால் நல்லது. எழுத்து மட்டும் கடைசிப் பத்து நாளுக்குள் நடக்க வேண்டும். திட்டம் போட்டுவிட்டுப் பாதியில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி, ஆறு மாதத்துப் பிரசங்கங்களை எழுதியே முடித்துவிடப் பார்த்தவர்கள்தான்.

பகுதியைத் தேர்ந்தெடுக்க நம்மிடையே நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வாரா வாரம் தேர்வது, திருச்சபையின் வாசக அட்டவணையைப் பின்பற்றுவது, ஒரு புத்தகத்தை எடுத்து வரிசையாகப் போவது, தலைப்பு வைத்துத் தொடர் பிரசங்கம் செய்வது. ஒன்றுக்கொன்று எதிரி அல்ல இவை. ஆனால் எதை முதுகெலும்பாக வைத்துக்கொள்வது என்று ஒருவர் முடிவு செய்யாமல் ஆண்டுத் திட்டம் போட முடியாது.

வாரா வாரம் தேர்வது

இந்த வழிக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் பெயர் ஸ்பர்ஜன். லண்டன் மெட்ரோபாலிடன் டேபர்நாக்கிளில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த அவர், ஞாயிறு காலைப் பிரசங்கத்தைச் சனிக்கிழமை மாலையிலும், ஞாயிறு மாலைப் பிரசங்கத்தை அன்று பிற்பகலிலும்தான் தயாரித்தார். உண்மைதான். ஆனால் அவர் வாரம் முழுவதும் வாசித்துக்கொண்டே இருந்தவர். ஆயிரக்கணக்கான நூல்கள் கொண்ட நூலகம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சனிக்கிழமை மாலையில் அவர் செய்தது, சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுப்பது. சேர்த்து வைக்காதவர் அந்த நேரத்தை மட்டும் பின்பற்றினால் கையில் ஒன்றும் இருக்காது.

ஆவியானவர் கடைசி நேரத்தில் தருவார் என்பது இன்னொரு வாதம். அவர் மூன்று மாதத்துக்கு முன்னாலும் தர வல்லவர். இதைச் சொல்லும்போது யாரும் மறுப்பதில்லை.

வாரத் தேர்வில் உண்மையான சேதம் வேறிடத்தில் இருக்கிறது. அவசரத்தில் மனம் தெரிந்த இடத்துக்கே போகும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: கடந்த இரண்டு ஆண்டு டைரியை எடுத்து, ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கித்த பகுதியை 66 புத்தகப் பெயர்கள் எழுதிய தாளில் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டு போங்கள். அரை மணி நேர வேலை. எங்கே புள்ளிகள் குவிந்திருக்கின்றன, எந்தப் புத்தகங்களுக்கு எதிரே வெற்றிடம் என்று பார்த்தால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. புலம்பலும் ஆமோசும் யாக்கோபும் வெற்றிடமாக நின்றால், சபையாருக்குத் துக்கத்தின் மொழியும் நீதியின் மொழியும் கிடைக்காமல் போயிருக்கிறது என்று பொருள்.

வாசக அட்டவணை

ஆண்டுத் திட்டத்துக்கு மிகவும் குறைந்த உழைப்பு கேட்பது இதுதான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளுக்கு அல்மனாக் என்ற ஆண்டுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் வாசகங்களோடு ஒரு தலைப்பும் தரப்பட்டுவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1969-இல் கொண்டுவந்த மூன்றாண்டுச் சுழற்சியும், அதை ஒட்டி 1992-இல் வந்து உலகெங்கும் பல புராட்டஸ்டண்ட் சபைகள் ஏற்றுக்கொண்ட பொது அட்டவணையும் ஒரே அமைப்பு கொண்டவை: ஏ ஆண்டு மத்தேயு, பி ஆண்டு மாற்கு, சி ஆண்டு லூக்கா, யோவான் மூன்றிலும் இடையிடையே வரும். எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க, ஆண்டின் எண்ணை 3-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லை என்றால் சி, மீதி 1 என்றால் ஏ, மீதி 2 என்றால் பி. 2027-ஐ வகுத்தால் மீதி 2. திருச்சபை ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தோடு தொடங்குவதால், 2026 நவம்பர் 29 அன்று, அட்வெந்து முதல் ஞாயிறில், பி ஆண்டு தொடங்குகிறது.

அட்டவணையின் பெரிய பலம் போதகருக்குப் பிடித்ததை அல்ல, திருச்சபைக்குத் தேவையானதை முன்னால் கொண்டுவந்து வைப்பது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஒரு சேகரத்தில் ஏழெட்டுக் கிராம சபைகள் இருப்பது வழக்கம். சேகர குருவானவர் ஒரு கிராமத்துக்கு மாதம் ஒருமுறை போனால் பெரிது. மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியரோ உபதேசியாரோ பிரசங்கிக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் குருவானவர் தனக்கென்று பிலிப்பியரில் தொடர் ஆரம்பித்தால், அது எந்த ஊரிலும் தொடராக இருக்காது. அட்டவணை இருந்தால் எட்டு ஊரிலும் அன்று ஒரே பகுதி. மாதாந்தர ஊழியர் கூட்டத்தில் வரப்போகும் நான்கு பகுதிகளையும் உட்கார்ந்து ஒன்றாகப் படித்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பல சபை உள்ள சேகரங்களுக்கு அட்டவணையைத்தான் பரிந்துரைக்க வேண்டும்.

குறைகள் உண்டு, முன்கூட்டித் தெரிந்திருந்தால் சமாளிக்கலாம். பொது அட்டவணையின் பி ஆண்டில் மாற்கு சிறிய சுவிசேஷம் என்பதால் நடுவில் யோவான் 6-ஆம் அதிகாரத்தை ஐந்து ஞாயிறு நீட்டியிருக்கிறார்கள். 2027-இல் அது ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 22 வரை வரும். ஐந்து வாரமும் ஜீவ அப்பம். திட்டமில்லாதவர் இரண்டாம் வாரத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மூன்றாம் வாரம் திண்டாடுவார். ஜனவரியிலேயே அந்த ஐந்து ஞாயிறையும் பார்த்தவர், இரண்டை யோவானுக்கு வைத்து மூன்றைப் பழைய ஏற்பாட்டு வாசகத்துக்கோ நிருபத்துக்கோ ஒதுக்கியிருப்பார். நடுவில் ஆகஸ்ட் 15 ஞாயிறாகவே வருகிறது. சுதந்திர தின ஜெபத்துக்கும் அன்று இடம் வேண்டும்.

விடுபடும் பகுதிகள் இன்னொரு குறை. அதே பி ஆண்டின் தொடர் வாசிப்பு வரிசையில் ரூத் புத்தகம் இரண்டு ஞாயிறு வருகிறது: முதலில் 1:1-18, அடுத்த வாரம் 3-ஆம் அதிகாரத்தின் தொடக்கமும் 4-ஆம் அதிகாரத்தின் முடிவும். ரூத் வயலில் கதிர் பொறுக்குகிற 2-ஆம் அதிகாரம் ஞாயிறு வாசகமாக வருவதே இல்லை. நெல் மூட்டையும் வாழைக்குலையும் தேங்காயும் கொண்டுவந்து பீடத்தின் முன் படைக்கிற நம் அறுப்பின் பண்டிகைக்கு அதைவிடப் பொருத்தமான அதிகாரம் எது? அட்டவணையைக் கைவிட வேண்டாம். விடுபட்டதைப் பண்டிகை நாளில் சேர்த்துக்கொள்ள உரிமை இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

புத்தகம் புத்தகமாகப் போவது

1519 ஜனவரி 1 அன்று சூரிக் நகரில் திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்லி, குறிக்கப்பட்ட வாசகங்களை விட்டுவிட்டு மத்தேயு முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். ஜெனீவாவிலிருந்து 1538-இல் வெளியேற்றப்பட்ட இன்னொரு சீர்திருத்தத் தலைவர் கால்வின், 1541 செப்டம்பரில் திரும்பி வந்தபோது, எந்த இடத்தில் நிறுத்தியிருந்தாரோ அதற்கு அடுத்த பகுதியிலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார். வரிசையாகப் போவதன் அழகு அதுதான்: அடுத்த வாரம் என்ன என்ற கேள்விக்கே இடமில்லை.

தனிச் சபையை ஒரே பாஸ்டர் நடத்துகிற இடங்களுக்கு இது மிகவும் ஏற்றது. பிடிக்காத பகுதியையும் தாண்டிப் போக முடியாது. "பாஸ்டர் என்னைக் குறிவைத்துப் பேசினார்" என்ற மனஸ்தாபமும் குறையும், ஏனென்றால் அன்றைக்கு அந்தப் பகுதி வரும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே நோட்டீஸ் பலகையில் இருக்கிறது.

தவறு நடப்பது பெரும்பாலும் அளவில். முதல் முறை தொடங்குகிறவர் ரோமரையோ வெளிப்படுத்தின விசேஷத்தையோ எடுத்துக்கொள்கிறார். லண்டனில் மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ் என்ற போதகர் வெள்ளிக்கிழமை இரவுகளில் ரோமரை 1955 முதல் 1968 வரை நடத்தினார். அது அவருடைய வரம், அந்தக் கூட்டத்தின் பசி. நம் ஞாயிறு ஆராதனையில் பாதிப் பேர் மாதத்தில் ஒரு வாரமாவது ஊரில் இருப்பதில்லை. முதல் தொடர் நான்கு வாரத்தைத் தாண்டாமல் இருக்கட்டும்: யோனா நான்கு அதிகாரம், 48 வசனம், ரூத் நான்கு அதிகாரம், 85 வசனம். அது சரியாக வந்தால் அடுத்து பிலிப்பியர். 104 வசனங்கள் பத்து ஞாயிறுக்கு இயல்பாகப் பிரியும்: 1:1-11, 1:12-26, 1:27-2:4, 2:5-11, 2:12-18, 2:19-30, 3:1-11, 3:12-4:1, 4:2-9, 4:10-23. அதிகார எண்ணை நம்பிப் பிரித்தால் தப்பாகும் என்பதற்கு இதிலேயே சாட்சி இருக்கிறது. 4:1 "ஆதலால்" என்று தொடங்குகிறது. முன்னால் சொன்னதன் முடிவு அது. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் இரண்டு பிரசங்கமும் நொண்டும்.

தொடர் பிரசங்கத்தில் ஒவ்வொரு வாரமும் தனியாகவும் நிற்க வேண்டும். போன வாரம் வராதவருக்கு இரண்டு நிமிட நினைவூட்டல் போதும். பத்து நிமிடம் பழையதைச் சொல்லிக்கொண்டிருந்தால், வந்தவர்களுக்குச் சலிப்பு, வராதவர்களுக்குக் குற்ற உணர்வு.

தலைப்புத் தொடர்

குடும்பம், ஜெபம், காணிக்கை, பயம் என்று தலைப்பு வைத்து மூன்று முதல் ஆறு வாரம் போவது. வாலிபர்களுக்கு இது பிடிக்கும். சபையில் ஒரு குறிப்பிட்ட தேவை எழும்போது இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் நான்கிலும் அதிக உழைப்பு கேட்பது இதுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்தப் பகுதி தலைப்புக்கு உண்மையாகவே பொருந்துகிறது என்று தேட வேண்டும். ஒத்தவாக்கிய புத்தகத்தில் "சமாதானம்" என்ற சொல்லுக்கு நேரே இருக்கும் வசனங்களை வரிசையாகக் கோத்தால் அது பிரசங்கமாகாது. ஒரு வசனத்தில் அது போர் நின்றதைக் குறிக்கும், இன்னொன்றில் வாழ்த்தாக இருக்கும், வேறொன்றில் தேவனோடு ஒப்புரவானதைச் சொல்லும்.

எதுகை மோனைக்கும் இங்கேதான் எச்சரிக்கை தேவை. அழைப்பு, அர்ப்பணிப்பு, அபிஷேகம் என்று மூன்று அகரத்தில் குறிப்பு அமைந்துவிட்டால் காதுக்கு இனிமை, நினைவிலும் நிற்கும். ஆனால் முதல் இரண்டும் பகுதியிலிருந்து வந்து, மூன்றாவது எழுத்துக்காக மட்டும் வந்து சேர்ந்திருக்கும். சோதனை எளிது: ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே வசன எண்ணை எழுதுங்கள். எண் எழுத முடியாத குறிப்பை எடுத்துவிடுங்கள், ஓசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

புத்தாண்டு வாக்குத்தத்தமும் தலைப்பு வகையில்தான் சேரும். நடு இரவு ஆராதனையில் சொல்லப்போகும் வசனத்தை டிசம்பர் கடைசி வாரம் வரை தள்ளக் கூடாது. சிவகாசியில் காலண்டர் வேலை ஆடிப்பெருக்கிலேயே தொடங்கிவிடுகிறது. அட்டையும் காலண்டரும் அச்சடிக்கிற சபை அக்டோபருக்குள் வசனத்தை முடிவு செய்திருக்க வேண்டும். முடிவு செய்யும்போது முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்துக்கொள்ளுங்கள். எரேமியா 29:11 அட்டைக்கு அழகான வசனம். அதற்கு முந்தின வசனம் 70 ஆண்டு காத்திருப்பைப் பேசுகிறது. அதையும் சேர்த்துப் பிரசங்கித்தால்தான் அந்த வாக்குத்தத்தம் ஜூன் மாதத்திலும் தாங்கும்.

எந்தச் சபைக்கு எது

பல ஊர் சேகரத்துக்கு அட்டவணை. தனிச் சபைக்குப் பண்டிகைக் காலங்களில் அட்டவணை அல்லது பண்டிகைப் பகுதிகள், மீதி நாட்களில் புத்தக வரிசை, ஆண்டுக்கு ஒரே ஒரு தலைப்புத் தொடர். இது கலவையாகத் தெரிந்தாலும் நடைமுறையில் நிற்பது இதுதான். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தின் நடுவில் நெகேமியாவின் அலங்கம் கட்டுவதைப் பேசிக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது.

2026-27 திருச்சபை ஆண்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்வெந்து 4 ஞாயிறு. கிறிஸ்துமஸுக்குப் பின் சாம்பல் புதனுக்கு முன் 7. சாம்பல் புதன் பிப்ரவரி 10. லெந்து ஞாயிறுகள் மார்ச் 21 குருத்தோலை ஞாயிறு உட்பட 6. மார்ச் 28 ஈஸ்டர் முதல் மே 9 வரை 7. மே 16 பெந்தெகொஸ்தே, 23 திரித்துவ ஞாயிறு. அதற்குப் பின் மே 30 முதல் நவம்பர் 21 வரை 26. மொத்தம் 52. ஆக, புத்தக வரிசைக்கு உண்மையாகக் கிடைப்பது அந்தக் கடைசி 26-உம் தொடக்கத்தின் 7-உம்தான். 26-லிருந்து அறுப்பின் பண்டிகை, பிரதிஷ்டை பண்டிகை, வாலிபர் ஞாயிறு, பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறு, வெளி ஊழியர் வருகிற கன்வென்ஷன் ஞாயிறு என்று கழித்தால் 21 மிஞ்சும். பிலிப்பியருக்கு 10, ரூத்துக்கு 4, தலைப்புத் தொடருக்கு 4. மீதி மூன்று ஞாயிறை வேண்டுமென்றே காலியாக விட்டுவையுங்கள். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியும் போதகர் விடுப்பும் சேர்ந்து வரும் மாதம். அதில் புதுத் தொடர் தொடங்க வேண்டாம்.

லெந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்கூட்டிய தயாரிப்பு அதிகப் பலன் தருவது அங்கேதான். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளும் ஆண்டுதோறும் மாறுவதில்லை: லூக்கா 23:34, 23:43, யோவான் 19:26-27, மத்தேயு 27:46, யோவான் 19:28, 19:30, லூக்கா 23:46. வார்த்தைக்கு ஒன்றாக ஏழு கவர் வைத்து, ஆண்டு முழுவதும் கண்ணில் பட்டதைப் போட்டுக்கொண்டே வந்தால் மார்ச் மாதத்தில் தேட வேண்டியிருக்காது. ஏழு பேர் பேசுவதாக இருந்தால் சாம்பல் புதனுக்குள் வார்த்தையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 180 நிமிடத்தில் ஆளுக்கு 15 என்றால் 105. பாட்டுக்கும் ஜெபத்துக்கும் அமைதிக்கும் 75. நேரத்தை வாய்மொழியாகச் சொல்லி விட்டால் முதல் மூன்று பேர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்வார்கள், "பிதாவே, உம்முடைய கைகளில்" என்ற ஏழாம் வார்த்தைக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும்.

காலாண்டுப் படிப்பு

ஆண்டுத் திட்டம் ஒரே தாள்: தேதி, பகுதி, நாள் விசேஷம். அதற்கு மேல் அதில் எழுதாதீர்கள். காலாண்டு தொடங்குமுன் ஒரு முழு நாள் ஒதுக்கி, வரும் 13 ஞாயிறுக்கும் தனித்தனியாக ஒரு தாள் போடுங்கள். லாங் சைஸ் தாளும் ஒரு ஸ்பைரல் ஃபைலும் போதும். போனில் வைத்துக்கொள்கிறவர்கள் பகுதிக்கு ஒரு ஃபோல்டர் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பது மட்டும் வேண்டாம். அக்டோபரில் தேவைப்படும் குறிப்பு ஜூலை மாதத்து வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும்.

ஒரு தாளில் என்ன இருக்க வேண்டும்? பிலிப்பியர் 4:10-23-ஐ எடுத்துக்கொள்வோம். மேலே பகுதி. அடுத்து ஒரு கேள்வி: 13-ஆம் வசனத்தின் "எல்லாவற்றையும்" என்பது எவற்றை? பரீட்சைக்குப் போகிற பிள்ளை மேசையிலும் வீட்டு வாசல் நிலையிலும் ஒட்டியிருக்கிற வசனம் அது. 12-ஆம் வசனம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது: தாழ்ந்திருப்பது, வாழ்ந்திருப்பது, திருப்தி, பசி, பரிபூரணம், குறைவு. அடுத்து, விளக்க வேண்டிய சொல்: 11-இல் "மனரம்மியம்". பவர் திருப்புதலில் (வழக்கமான பழைய தமிழ் வேதாகமத்தில்) வளர்ந்தவர்களுக்கே பொருள் மங்கிய சொல். வாலிபர்களுக்குத் தெரியவே தெரியாது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் எப்படிப் பெயர்த்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னணி ஒரு வரி: எழுதுகிறவர் கட்டுண்டு இருக்கிறார் (1:13), எப்பாப்பிரோதீத்துவின் கையில் காணிக்கை வந்து சேர்ந்திருக்கிறது (4:18). கடைசியில் அந்தப் பிரசங்கம் சொல்லப்போகும் ஒரே வாக்கியம், பென்சிலில். அது மாறும், மாறலாம். பாட்டுக்கு ஒரு இடம் விடுங்கள். பாடகர் குழுவுக்குக் கீர்த்தனை மூன்று நான்கு வாரம் முன் தெரிந்தால்தான் பழக முடியும். திட்டமிடலால் முதலில் நன்மை அடைகிறவர் ஆர்கன் வாசிப்பவர்தான்.

வாரநாள் செய்திகளுக்குத் தனித் திட்டம் போட்டால் சுமை தாங்காது. புதன்கிழமை வேதபாடத்தில், அடுத்த காலாண்டு ஞாயிறுகளில் வரப்போகும் புத்தகத்தை இப்போதே வசனம் வசனமாக நடத்துங்கள். இருபது பேர் உட்கார்ந்து கேட்கிற கேள்விகள்தான் ஞாயிறு பிரசங்கத்துக்கு முதல் தரமான பொருள். எந்த இடத்தில் புரியவில்லை, எந்த இடத்தில் கண் கலங்கியது என்பதை அன்றிரவே தாளில் எழுதுங்கள். உபவாச ஜெபத்துக்கு அந்த வார ஞாயிறு பகுதியோடு ஒத்துப்போகும் ஒரு சங்கீதம் போதும்.

கடைசிப் பத்து நாள்

ஒரு பிரசங்கத்துக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முந்தின வாரம் வியாழக்கிழமை அரை மணி: பகுதியைக் கையால் அப்படியே எழுதி, ஆதலால், ஏனெனில், ஆனாலும் போன்ற இணைப்புச் சொற்களை வட்டமிடுவது. அந்த அரை மணி செய்துவிட்டால், இடையில் வரும் நாலைந்து நாளும் மனம் தானாக அதைச் சுற்றி வரும். செவ்வாய் இரண்டு மணி விளக்கவுரைகளோடு. சொந்தக் கேள்வியை எழுதிவிட்ட பிறகே விளக்கவுரையைத் திறங்கள்; முதலில் திறந்தால் அவர் கேள்வியைத்தான் நீங்கள் பிரசங்கிப்பீர்கள். புதன் ஒரு மணி: அந்த ஒற்றை வாக்கியத்தை மையில் எழுதிக் குறிப்புகளை அடுக்குவது. வியாழன் மூன்று மணி எழுத்து. வெள்ளி ஒரு மணி வாய்விட்டு வாசித்து நேரம் பார்த்து வெட்டுவது. சனி அரை மணி, ஜெபமும் மறுவாசிப்பும். சனிக்கிழமையை இப்படிக் காலியாக வைப்பது ஓய்வுக்காக மட்டுமல்ல. அடக்க ஆராதனை சொல்லிவிட்டு வருவதில்லை, அது வந்தால் ஒரு நாளை எடுத்துக்கொள்ளும்.

முழுதாக எழுதுவதா, குறிப்பு மட்டுமா? எழுதுங்கள், ஆனால் பீடத்துக்கு ஒரே தாளைக் கொண்டுபோங்கள். எழுதாதவர் தொடக்கத்தில் நீட்டி முடிவில் தடுமாறுவார். எழுதியதை வாசிக்கிறவர் சபையாரின் முகத்தைப் பார்ப்பதில்லை.

திட்டம் உடைகிற நாள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியது. டிசம்பர் 3 அட்வெந்து முதல் ஞாயிறு. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, கரையில் குடும்பங்கள் காத்திருந்தன. அன்று பி ஆண்டின் வாசகங்கள்: வானத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கி வரமாட்டீரா என்று கதறுகிற ஏசாயா 64-உம், விழித்திருங்கள் என்கிற மாற்கு 13-உம். எழுதி முடித்து ஃபைலில் வைத்திருந்த பிரசங்கம் அந்தக் கரையில் எதற்கும் உதவாது. பகுதியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த ஏசாயா பகுதியை மூன்று மாதமாகப் படித்து வைத்திருந்தவருக்கு, காத்திருப்பவர்களோடு சேர்ந்து அதை வாசிக்க மட்டும் வேண்டியிருந்தது. எழுத்தைக் கடைசிப் பத்து நாளுக்குள் வைப்பதற்கும் படிப்பை முன்னால் தள்ளுவதற்கும் காரணம் இதுதான். 2026 நவம்பர் 29 அன்று அதே வாசகங்கள் திரும்ப வருகின்றன.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அழைக்கப்படுகிற, குருப்பட்டம் பெறாத லே பிரசங்கியாருக்கு இந்த ஏற்பாடு எல்லாம் தேவையில்லை. மூன்று பகுதிகள் முழுதாகத் தயாராக இருந்தால் போதும்: ஒரு சங்கீதம், ஒரு சுவிசேஷச் சம்பவம், நிருபத்தில் ஒரு பத்தி. சபையில் அன்றைய வாசகம் என்ன என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் நிற்பதை எடுத்துக்கொள்ளலாம்.

இடமாற்றம் வரும் போதகர் ஆண்டுத் தாளை அப்படியே சபைக் கமிட்டிச் செயலாளர் கையில் விட்டுச் செல்லட்டும், எந்த ஞாயிறு வரை வந்திருக்கிறது என்று கோடு போட்டு. புதிதாக வருகிறவர் அதைத் தொடரலாம், மாற்றலாம். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் சபை நிற்கிறது என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.